தானாக ஓடும் வலைப்பூ எங்கே நின்றது? அறிகுறியை வைத்துப் பிழை நீக்கும் வழி

சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு தமிழ் வலைப்பூவைத் தொடங்கினேன். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) மறுவிற்பனை வீடுகளின் விலையையும், வாகனம் வாங்கத் தேவையான சிஓஇ சான்றிதழின் ஏலக் கட்டணத்தையும் அரசாங்கத்தின் திறந்த தரவுத் தளத்திலிருந்து ஒரு நிரல் எடுத்துக்கொள்ளும். அதை அட்டவணையாக்கி, இரண்டு பத்தி விளக்கம் சேர்த்து, வலைப்பூ நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸில் தானாகப் பதிவேற்றும். விளம்பரத்தில் வருகிற பணம் எங்கள் மின்கட்டணத்தில் ஒரு பங்கைக் கட்டுகிறது. வேலையை விடும் அளவுக்கு இல்லை. ஆனாலும் நான் வேலையில் இருக்கும்போது அது தன் பாட்டுக்கு ஓடுவதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி உண்டு.

இந்த மாதிரி வலைப்பூவில் ஒரு தொல்லை என்னவென்றால், கெட்டுப்போனால் சத்தம் வராது. நீங்கள் பார்க்காத நேரத்தில் நின்றுபோகும், அல்லது தவறான ஒன்றை ஒழுங்காகப் பதிவேற்றிக்கொண்டே இருக்கும். அதனால் காரணத்திலிருந்து தொடங்காமல் கண்ணில் படும் அறிகுறியிலிருந்து தொடங்குகிறேன். உங்களுக்கு எது பொருந்துகிறதோ அதற்கு நேராகப் போய்விடலாம். எதைத் தொடும் முன்னும் தரவுத்தளத்தை ஒரு நகல் எடுத்து வையுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றைச் சேர்த்து மாற்றினால் எது சரிசெய்தது என்று கடைசிவரை தெரியாது.

காலை 7 மணிப் பதிவு பிற்பகல் 3 மணிக்கு வருகிறது

தாமதம் சரியாக 8 மணி நேரமா? அப்படியானால் வேறு எதையும் தேட வேண்டாம். வேர்ட்பிரஸ் நிறுவும்போது நேர மண்டலம் உலகப் பொது நேரத்தில் இருக்கும், சிங்கப்பூர் அதைவிட 8 மணி நேரம் முன்னால். பொது அமைப்புகளில் நேர மண்டலத்தைச் சிங்கப்பூர் என்று மாற்றினால் போதும். உங்கள் நிரல் ஓடும் வாடகைச் சர்வரின் கடிகாரத்தையும் பாருங்கள். இரண்டும் வெவ்வேறு நேரத்தில் இருந்தால் தேதி மாறும் நள்ளிரவில் குழப்பம் வரும், நேற்றைய சிஓஇ முடிவு இன்றைய தேதியில் போய் உட்காரும்.

பதிவு வரவே இல்லை, 'நேரம் தவறியது' என்று நிற்கிறது

இது வேர்ட்பிரஸ் கட்டப்பட்ட விதத்தால் வருவது. அதற்குள் சொந்தமாக ஓடும் கடிகாரம் கிடையாது. யாராவது ஒருவர் பக்கத்தைத் திறக்கும்போதுதான், 'செய்ய வேண்டிய வேலை ஏதும் நிலுவையில் இருக்கிறதா' என்று அது பார்க்கும். டபிள்யூபி-கிரான் என்பது இதுதான். விடியற்காலை 3 மணிக்கு உங்கள் தமிழ் வலைப்பூவுக்கு யாரும் வரவில்லை என்றால் 3 மணிப் பதிவும் வராது. பக்கங்களைச் சேமித்து வைத்துக் கொடுக்கும் கேஷ் செருகுநிரல் இருந்தால் ஆட்கள் வந்தாலும் வேர்ட்பிரஸுக்குத் தெரியாது, அவர்களுக்குப் போவது பழைய நகல்.

தீர்வு இரண்டு படி, வரிசை முக்கியம். முதலில் ஹோஸ்டிங் கட்டுப்பாட்டுப் பலகையில் குறித்த நேரத்தில் தானாக ஓடும் உண்மையான கிரான் வேலை ஒன்றை அமைத்து, 15 நிமிடத்துக்கு ஒருமுறை வேர்ட்பிரஸின் கிரான் கோப்பை அழைக்கச் சொல்லுங்கள். அது ஓடுகிறது என்று உறுதியான பிறகு, கட்டமைப்புக் கோப்பில் உள்ளமைந்த கிரானை முடக்கும் வரியைச் சேருங்கள். தலைகீழாகச் செய்தால் இருந்த கடிகாரமும் போய்விடும்.

செய்தி ஓடையிலிருந்து (ஆர்எஸ்எஸ்) எடுக்கும் வலைப்பூவில் பதிவு வருகிறது, ஆனால் அரைநாள் பழசாக இருக்கிறது என்றால், வேர்ட்பிரஸ் ஓடைகளை இயல்பாக 12 மணி நேரம் சேமித்து வைப்பதுதான் காரணம். அந்தக் கால அளவைக் குறைக்கலாம்.

வெளியிலிருந்து பதிவேற்றும் நிரலுக்கு 401 (அடையாளம் ஏற்கப்படவில்லை) பிழை

கடவுச்சொல் தவறு என்று தோன்றும், பெரும்பாலும் அப்படி இருக்காது. உள்நுழையும் கடவுச்சொல்லை நிரலில் போட்டிருந்தால் அதை எடுத்துவிட்டு, பயனர் பக்கத்தில் 'செயலிக் கடவுச்சொல்' ஒன்றை உருவாக்குங்கள். 2020 டிசம்பரில் வந்த 5.6 பதிப்பு முதல் இந்த வசதி இருக்கிறது, தளம் பாதுகாப்பான இணைப்பில் இருக்க வேண்டும். அப்படியும் 401 என்றால் இரண்டு சந்தேகம். பாதுகாப்புச் செருகுநிரல் வெளி அழைப்புகளைத் தடுக்கலாம். அல்லது நிரல் அனுப்பும் அடையாள விவரத்தைச் சர்வர் வழியிலேயே உதிர்த்துவிடலாம். செருகுநிரலை 5 நிமிடம் நிறுத்திப் பாருங்கள், எது என்று தெரிந்துவிடும்.

ஒரே பதிவு இரண்டு முறை

நிரல் பதிவேற்றியது, வேர்ட்பிரஸும் வாங்கிக்கொண்டது. ஆனால் பதில் வர 30 நொடிக்கு மேல் ஆனதால் நிரல் தோல்வி என்று நினைத்து மறுபடி அனுப்பியது. இதுதான் வழக்கமான கதை. மறுமுயற்சிகளின் இடைவெளியைக் கூட்டுவது பாதித் தீர்வுதான். ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு தனிச் சாவி வையுங்கள். என்னுடையது நகரம், அறை எண்ணிக்கை, மாதம் மூன்றும் சேர்ந்த ஒரு சொல். அனுப்பும் முன் அந்தச் சாவியில் பதிவு ஏற்கெனவே இருக்கிறதா என்று நிரல் கேட்கும், இருந்தால் புதுப்பிக்கும், இல்லை என்றால்தான் உருவாக்கும். அப்புறம் எத்தனை முறை ஓடினாலும் பயமில்லை.

தமிழ் எழுத்து உடைந்து தெரிகிறது

எப்படி உடைந்திருக்கிறது என்று உற்றுப் பாருங்கள். கட்டம் கட்டமாகத் தெரிந்தால் எழுத்துரு இல்லை, தரவு பத்திரமாக இருக்கிறது. தலையில் கோடும் கூரையும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிந்தால், யூடிஎஃப்-8 என்ற யூனிகோடு குறிமுறையில் உள்ள தரவை வேறு குறிமுறையாக நினைத்துப் படித்திருக்கிறது, மீட்டுவிடலாம். வரிசையாகக் கேள்விக்குறிகள் மட்டும் என்றால், எழுதும்போதே எழுத்துகள் தொலைந்துவிட்டன. தரவுத்தளத்தின் அட்டவணையோ இணைப்போ தமிழை ஏற்காத குறிமுறையில் இருந்திருக்கிறது. குறிமுறையை யூடிஎஃப்8எம்பி4-க்கு மாற்றிவிட்டு அந்தப் பதிவுகளை மூலத்திலிருந்து மறுபடி ஏற்றுங்கள். கேள்விக்குறியிலிருந்து தமிழை மீட்க வழி கிடையாது.

யூனிகோடு பரவும் முன்பு எழுதப்பட்ட பழைய தமிழ்ப் பக்கங்களிலிருந்து எடுப்பவர்களுக்கு இன்னொரு வகை உடைப்பு வரும், அங்கே ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒரு குறிமுறை. இந்தச் சிக்கலைப் பேசித் தீர்க்கத்தான் 1997 மே மாதம் இதே சிங்கப்பூரில் எழுத்தாளரும் தமிழ் இணைய முன்னோடியுமான நா. கோவிந்தசாமி முன்னின்று தமிழ் இணைய மாநாட்டைக் கூட்டினார். இன்று நாம் எழுத்துரு எதுவும் இறக்காமல் தமிழில் தட்டுகிறோம் என்றால் அந்தத் தலைமுறை பட்ட பாடு அதில் இருக்கிறது. அவரை நினைக்காமல் இந்தப் பகுதியைக் கடக்க எனக்கு மனம் வரவில்லை.

முகவரி பாதியில் வெட்டுப்பட்டு, முடிவில் 2, 3 என்று எண் ஏறுகிறது

இதைத் தமிழ் போன்ற, ஆங்கிலம் அல்லாத எழுத்துகளில் எழுதுபவர்கள்தான் சந்திக்கிறோம், அதனால் ஆங்கில வழிகாட்டிகளில் பெரும்பாலும் கிடைக்காது. வேர்ட்பிரஸ் பதிவின் முகவரித் துண்டுக்கு 200 இடம் ஒதுக்கியிருக்கிறது. தமிழ்க் குறி ஒன்று யூடிஎஃப்-8-இல் 3 பைட். முகவரியில் எழுதும்போது ஒவ்வொரு பைட்டும் 3 இடம் எடுக்கும். ஆக ஒரு குறிக்கு 9 இடம், மொத்தம் 22 குறிதான் கொள்ளும். கொம்பு, புள்ளி, சுழி எல்லாம் தனித்தனிக் குறி என்பதை மறக்க வேண்டாம்.

'ஈசூன் நான்கறை வீட்டு விலை ஜனவரி' என்று தலைப்பு வைத்தேன். முகவரியில் 'ஈசூன் நான்கறை வீட்டு வில' வரைதான் நின்றது. மாதத்தின் பெயர் வரும் முன்பே இடம் முடிந்துவிட்டது. பிப்ரவரிப் பதிவுக்கும் அதே முகவரி வந்ததால் வேர்ட்பிரஸ் 2 சேர்த்தது, மார்ச்சுக்கு 3. எந்த முகவரி எந்த மாதம் என்று யாருக்கும் புரியாத நிலை. முகவரித் துண்டை மட்டும் நிரலே ஆங்கில எழுத்தில், நகரம், அறை, ஆண்டு, மாதம் என்ற வரிசையில் அமைத்துக் கொடுக்கட்டும். தலைப்பு தமிழிலேயே இருக்கலாம். பழைய பதிவுகளை மாற்றினால் பழைய முகவரியிலிருந்து புதியதற்கு 301 திருப்பி விடுவதை மறக்காதீர்கள்.

செயற்கை நுண்ணறிவு எழுதிய பத்தி பாதி வாக்கியத்தில் நிற்கிறது

தமிழ்ச் சொல்லைச் செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகள் ஆங்கிலத்தைவிட அதிகத் துண்டுகளாக உடைத்துத்தான் கையாளும். அதே நீளக் கட்டுரைக்குத் தமிழில் துண்டுகளும் கூடும், செலவும் கூடும். ஆங்கிலத்துக்குப் போட்ட உச்சவரம்பை அப்படியே வைத்தால் பாதியில் வெட்டுப்படும். வரம்பை உயர்த்துங்கள். நிறுத்தக் காரணம் 'நீளம்' என்று பதிலில் வந்தால் அந்தப் பதிவைத் தானாக வரைவுக்கு அனுப்பும்படி நிரலில் ஒரு வரி சேருங்கள்.

முழுசாக வந்தாலும் ஒருமுறை படியுங்கள். வெள்ளிக்குப் பதில் ரூபாய் என்று இருக்கும். அமைச்சு என்பது அமைச்சகம் ஆகியிருக்கும். ஒரு மில்லியன் என்று நாம் சொல்வது பத்து லட்சமாக வரும். நம் ஊர்க்காரர் முதல் வரியிலேயே 'இது இங்கே எழுதியது இல்லை' என்று கண்டுகொள்வார். நம் சொற்களின் பட்டியல் ஒன்றைக் கட்டளையுடன் சேர்த்து அனுப்புங்கள். எண்களை எக்காரணத்துக்காகவும் அதனிடம் எழுதச் சொல்லாதீர்கள். வாக்கியத்தில் காலி இடம் விடச் சொல்லி, எண்ணை உங்கள் நிரல் நிரப்பட்டும்.

எல்லாம் ஓடுகிறது, ஆனால் தகவல் தப்பு

மேலே சொன்னவை எல்லாம் இயந்திரக் கோளாறு. இது மனிதர்களைத் தொடும் கோளாறு, அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

முதலில் எளிய இரண்டு. அட்டவணையில் எப்போதும் சரியாக 100 வரி மட்டும் இருக்கிறதா? திறந்த தரவுத் தளத்தின் தேடல் இடைமுகம், நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் 100 வரிசைதான் தரும். எத்தனை வேண்டும், எங்கிருந்து வேண்டும் என்று கேட்டு, தீரும்வரை திரும்பத் திரும்ப அழைக்க வேண்டும். இடையில் ஓரிரு நொடி விடுங்கள், இல்லாவிட்டால் 429 என்று கதவைச் சாத்தும்.

அடுத்தது, விலைப்படி இறக்கி அடுக்கிய பட்டியலில் மில்லியன் வெள்ளி வீடு அடியில் கிடப்பது. விலை எழுத்தாகப் படிக்கப்பட்டிருக்கிறது. எழுத்து வரிசையில் 1 என்று தொடங்கும் 1000000, 3 என்று தொடங்கும் 350000-க்குப் பின்னால்தான் போகும். படிக்கும்போதே எண்ணாக மாற்றுங்கள்.

மூன்றாவதுதான் எனக்கு வலித்தது. அந்த மறுவிற்பனைத் தரவில் நடப்பு மாதமும் இருக்கும், பதிவான வரைக்கும். என் நிரல் மாதத் தொடக்கத்தில் ஓடியது. ஒரு நகரத்தில் நான்கறை வீடு இரண்டுதான் அதுவரை பதிவாகியிருந்தன, இரண்டும் கீழ்த்தளம், குத்தகைக் காலம் குறைவாக மிச்சமுள்ளவை. சராசரி எடுத்தது, போன மாதத்தோடு ஒப்பிட்டது, 'விலை கடும் சரிவு' என்று தலைப்பு வைத்துப் பதிவேற்றியது. கணக்கில் ஒரு பிழையும் இல்லை. இரண்டு நாள் கழித்துத்தான் பார்த்தேன், அதுவும் ஓர் அக்கா எழுதிய மின்னஞ்சலால். "தம்பி, வீட்டை விற்க அடுத்த வாரம் கையெழுத்துப் போடணும். விலை இவ்வளவு இறங்கிடுச்சுன்னு போட்டிருக்கீங்க. இப்பவே கொடுக்கிற விலைக்கு ஒத்துக்கலாமா?"

அன்றைக்கே அவருக்குப் போன் செய்து, அந்தப் பதிவு தவறு என்று சொன்னேன். முழு மாதங்களின் விலையை அவர் புளோக்குக்கு அருகில் உள்ளவற்றோடு சேர்த்து எடுத்து அனுப்பினேன். பதிவை நீக்காமல், மேலே திருத்தம் போட்டு, எப்படித் தவறு நடந்தது என்று எழுதினேன். ஒருவர் வாழ்நாள் சேமிப்பு முழுவதும் அந்த வீட்டில் இருக்கிறது. அதைப் பற்றி நாம் தானியங்கியாகப் பேசுகிறோம் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

அதன் பிறகு நிரலில் செய்த மாற்றங்கள் இவை. முடிந்த மாதங்களை மட்டுமே ஒப்பிடும். சராசரிக்குப் பதில் நடு விலையை எடுக்கும், ஒரு மிக மலிவான வீடோ மிக விலையுயர்ந்த வீடோ அதை இழுக்காது. எத்தனை விற்பனையை வைத்துச் சொல்கிறோம் என்ற எண்ணிக்கை தலைப்புக்குக் கீழேயே இருக்கும். விற்பனை 10-க்குக் குறைந்தால் ஏற்றம், இறக்கம் என்ற சொல்லே வராது, அட்டவணை மட்டும். மாற்றம் 5 விழுக்காட்டைத் தாண்டினால் பதிவு வெளியாகாமல் வரைவில் நின்று எனக்குச் செய்தி அனுப்பும். நான் பார்த்துத்தான் வெளியிடுவேன். 10, 5 இரண்டும் நான் வைத்துக்கொண்ட அளவு, உங்கள் தரவுக்கு நீங்கள் முடிவு செய்யுங்கள். தரவு எங்கிருந்து வந்தது என்பதையும் பக்கத்திலேயே சொல்லுங்கள். சிங்கப்பூர்த் திறந்த தரவு உரிமம் வணிகப் பயன்பாட்டுக்கு இடம் தருகிறது, மூலத்தைக் குறிப்பிட வேண்டும் என்பது அதன் நிபந்தனை.

கூகிளில் தேடினால் பக்கமே இல்லை

வேர்ட்பிரஸின் வாசிப்பு அமைப்புகளில், தேடுபொறிகள் வர வேண்டாம் என்று சொல்லும் ஒரு சின்னக் கட்டம் உண்டு. தளத்தைக் கட்டும்போது டிக் செய்திருப்போம், எடுக்க மறந்திருப்போம். முதலில் அதைப் பாருங்கள். அப்புறம் தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகிள் தரும் சர்ச் கன்சோலைத் திறந்து, பக்கம் ஏன் சேரவில்லை என்ற பட்டியலைப் படியுங்கள்.

'கண்டறிந்தோம், இன்னும் வந்து பார்க்கவில்லை' என்ற வகை என்றால், தளத்துக்குள்ளிருந்து அந்தப் பக்கத்துக்கு இணைப்புக் கொடுங்கள், தளவரைபடத்தைச் சரிபாருங்கள், சர்வர் மெதுவாக இருந்தால் வேகப்படுத்துங்கள். 'வந்து பார்த்தோம், இப்போதைக்குச் சேர்க்கவில்லை' என்றால் கதை வேறு. படித்துப் பார்த்துவிட்டுத்தான் விட்டிருக்கிறது. நான் தொடக்கத்தில் நகரத்துக்கு ஒன்று, அறை எண்ணிக்கைக்கு ஒன்று, மாதத்துக்கு ஒன்று என்று பக்கங்களைப் பெருக்கினேன். வாக்கியம் ஒன்றே, ஊர்ப் பெயர் மட்டும் மாறும். அவற்றில் பெரும்பாலானவை சேரவே இல்லை. பிறகு நகரத்துக்கு ஒரே பக்கம் வைத்து, மாதாமாதம் அதையே புதுப்பித்தேன். பக்கம் குறைந்தது, படிக்கிறவர் கூடினார்கள்.

நன்றாக வந்த கூட்டம் ஒரே வாரத்தில் காணவில்லை

முதலில் சர்ச் கன்சோலில் கைமுறை நடவடிக்கை என்ற பகுதியைப் பாருங்கள். அங்கே ஏதாவது இருந்தால் காரணமும் எழுதியிருக்கும். சரிசெய்துவிட்டு மறுபரிசீலனைக்கு விண்ணப்பிக்கலாம். அங்கே ஒன்றும் இல்லை, ஆனால் விழுந்த நாள் கூகிளின் பெரிய புதுப்பிப்பு ஒன்றோடு ஒத்துப்போகிறது என்றால், தளம் முழுவதையும் வேறு கண்ணால் பார்க்க வேண்டிய நேரம்.

2024 மார்ச் 5 அன்று கூகிள் தன் ஸ்பேம் விதிகளை மாற்றியது. தேடல் வரிசையில் ஏறுவதற்காகவே, யாருக்கும் பயன்படாத பக்கங்களைப் பெருமளவில் உற்பத்தி செய்வது விதிமீறல் என்றது. இயந்திரம் எழுதியதா, மனிதர் எழுதியதா, இருவரும் சேர்ந்தா என்பது பொருட்டில்லை என்பதையும் அதில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அதனால் 'மனிதர் எழுதியது போல மாற்றித் தருகிறோம்' என்று விற்கும் கருவிகளுக்குக் காசு கொடுக்காதீர்கள், அவை இந்த நோய்க்கு மருந்து இல்லை. காலாவதியான பழைய டொமைனை வாங்கி அதன் பெயரில் கட்டுரைகளைக் கொட்டுவதும் அன்றைக்கே விதிமீறல் பட்டியலில் சேர்ந்தது. அதைச் செய்து தருகிறேன் என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

செய்ய வேண்டியது சலிப்பான வேலை. கடந்த 6 மாதத்தில் யாருமே வராத பக்கங்களைப் பட்டியல் எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் 'இதைப் படித்தவர் வேறு எங்கும் கிடைக்காத எதையாவது எடுத்துக்கொண்டு போவாரா' என்று கேளுங்கள். போவார் என்றால் திருத்துங்கள், பாதி என்றால் இன்னொன்றோடு சேருங்கள், இல்லை என்றால் நீக்குங்கள். பலன் தெரிய மாதக்கணக்கில் ஆகலாம்.

செய்தித் தளங்களிலிருந்து எடுத்து மாற்றி எழுதும் வலைப்பூ என்றால் தேடல் வரிசையைவிடப் பெரிய சிக்கல் காத்திருக்கிறது. 2021 நவம்பரில் நடப்புக்கு வந்த சிங்கப்பூர்ப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் படைப்பைப் பொதுவில் பயன்படுத்தும்போது அவர் பெயரைக் குறிப்பிடுவதும் கடமை. பெயர் போட்டுவிட்டால் முழுக் கட்டுரையை எடுக்கலாம் என்று பொருள் இல்லை. நீக்கச் சொல்லிக் கடிதம் வந்தால் வாதாடாமல் நீக்குங்கள், அந்த ஓடையையும் நிறுத்துங்கள்.

ஆட்கள் வருகிறார்கள், பணம் வரவில்லை

தமிழ்ப் பக்கத்துக்குக் கூகிளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸ் கிடைக்காது என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். 2018 பிப்ரவரி முதல் தமிழ் ஏற்கப்பட்ட மொழி. விளம்பரமே வரவில்லை என்றால் தளத்தின் வேர் அடைவில் ஆட்ஸ் டெக்ஸ்ட் (ads.txt) கோப்பு இருக்கிறதா, உங்கள் பதிப்பாளர் எண் அதில் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

விளம்பரம் வருகிறது, காசுதான் குறைவு என்றால் கணக்குப் போடுங்கள். ஆயிரம் பார்வைக்கு ஒன்றரை வெள்ளி கிடைக்கிறது, ஹோஸ்டிங்குக்கும் டொமைனுக்கும் மாதம் 12 வெள்ளி என்று வையுங்கள். செலவு கட்டவே 8,000 பார்வை வேண்டும். விளம்பர இடம் ஏலத்தில் போகிறது. படிப்பவர் எந்த நாட்டில் இருக்கிறார், என்ன தலைப்பு என்பதைப் பொறுத்து விலை மாறும். தமிழ்ப் பக்கத்துக்கு ஏலம் கேட்பவர்கள் குறைவு. பக்கத்தை விளம்பரத்தால் நிரப்பி இதைச் சரிக்கட்ட முடியாது, படிப்பவர் ஓடிவிடுவார். உங்கள் இணைப்பு வழியாக ஒருவர் பொருள் வாங்கினால் கிடைக்கும் தரகு சில தலைப்புகளுக்கு நன்றாகப் பொருந்தும். தரகு வாங்குகிறோம் என்பதைப் பதிவிலேயே சொல்லிவிடுங்கள்.

கணக்கில் இருந்த தொகை மாத முடிவில் கழிக்கப்பட்டதா? செல்லாத சொடுக்குகள் இருந்திருக்கின்றன. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் 'நம்ம பிள்ளை தளம், விளம்பரத்தை ஒரு தட்டுத் தட்டுங்க' என்று அம்மாவோ மாமாவோ பாசத்தில் எழுதியிருப்பார்கள். தட்டக்கூடாது என்று அவர்களிடம் அன்பாக, இன்றைக்கே சொல்லுங்கள். கணக்கே முடங்கக்கூடும்.

பணம் சேர்ந்தது, கைக்கு வரவில்லை

முகவரியைச் சரிபார்க்க ஆட்சென்ஸ் ஒரு ரகசிய எண்ணைத் தபாலில் அனுப்பும். வீவக வீட்டில் இருப்பவர்கள் புளோக் எண்ணும் தெருவும் எழுதி, தளமும் வீட்டு எண்ணும் விட்டுவிடுகிறார்கள். கடிதம் யார் பெட்டியிலும் சேராது. முகவரியில் புளோக், தளமும் வீட்டு எண்ணும், 6 இலக்க அஞ்சல் குறியீடு மூன்றும் இருக்கட்டும். முதல் எண் உருவான நாளிலிருந்து 4 மாதத்துக்குள் உள்ளிடாவிட்டால் விளம்பரம் நின்றுவிடும். கீழே இருக்கும் தபால் பெட்டியை வாரம் ஒருமுறையாவது திறந்து பாருங்கள். விளம்பரத் துண்டுகளுக்கு நடுவில் கிடக்கும் சாதாரண உறைதான் அது.

ஆட்சென்ஸ் கேட்கும் அமெரிக்க வரிப் படிவத்தில் வேறொரு சறுக்கல் உண்டு. சிங்கப்பூருக்கும் அமெரிக்காவுக்கும் விரிவான வருமான வரி ஒப்பந்தம் இல்லை. இந்தியக் கடப்பிதழ் வைத்திருப்பதால் இந்தியா என்று தேர்ந்தெடுத்து ஒப்பந்தச் சலுகை கேட்பவர்கள் இருக்கிறார்கள். வரிக்கு நீங்கள் எந்த நாட்டில் வசிப்பவர் என்பதுதான் கேள்வி.

இங்கே உள்நாட்டு வருவாய் ஆணையத்துக்கும் சொல்ல வேண்டும். வலைப்பூவில் தொடர்ந்து வரும் வருமானம் வரிக்கு உட்பட்டது. எழுதுவதற்காக யாராவது பொருளாகக் கொடுத்தாலும் கணக்கில் வரும். ஹோஸ்டிங், டொமைன் போன்ற செலவைக் கழிக்கலாம், ரசீதுகளை வையுங்கள். மின்தாக்கல் மார்ச் 1-இல் தொடங்கி ஏப்ரல் 18-இல் முடியும். நிகர வருமானம் ஆண்டுக்கு 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக்கான பங்களிப்பும் கட்ட வேண்டும்.

ஒரு டாட் எஸ்ஜி தளம் மூன்று வாரத்தில் மறைந்தது

டாட் எஸ்ஜி பெயரைப் பதிவு செய்தால், நிர்வாகத் தொடர்பாளர் 21 நாளுக்குள் அரசாங்க மின்னிலக்க அடையாளமான சிங்பாஸ் வழியாகத் தன்னை உறுதிப்படுத்த வேண்டும். மின்னஞ்சல் வந்திருக்கும், கவனிக்காமல் விட்டிருப்பீர்கள். உறுதிப்படுத்தினால் திரும்ப வரும்.

'உங்கள் தளத்தில் ஒரு இணைப்புப் போடுங்கள், நல்ல பணம் தருகிறோம்'

இணையச் சூதாட்டத் தளம் என்றால் உடனே மறுத்துவிடுங்கள். உரிமம் இல்லாத சூதாட்டத்துக்கு விளம்பரம் செய்வது 2022-ஆம் ஆண்டின் சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி குற்றம். வட்டிக்குக் கடன் தருபவர்களுக்கும் அப்படித்தான். உரிமம் பெற்றவர்கள்கூடத் தங்கள் சொந்த இணையத்தளம், தொழில் விவரத் திரட்டு, கடையின் முகப்பு ஆகியவற்றில் மட்டுமே விளம்பரம் செய்யலாம். உங்கள் நிரல் வெளியாரின் விளம்பரப் பதிவுகளைத் தானாக ஏற்கும்படி இருந்தால், இந்த இரண்டு வகைச் சொற்களுக்கும் தடைப் பட்டியல் போடுங்கள்.

'அண்ணே, நானும் ஒண்ணு ஆரம்பிக்கலாமா?'

இது பிழை இல்லை, ஆனால் அதிகம் வரும் கேள்வி. வெளிநாட்டு ஊழியர் தங்கும் விடுதியில் இருக்கும் தம்பிகள் ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் (லிட்டில் இந்தியா) பார்க்கும்போது கேட்பார்கள். கைப்பேசியிலேயே அருமையாக எழுதும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களிடம் நான் மறைக்காமல் சொல்வது இதுதான்: வேலை அனுமதியில் இருப்பவர், அட்டையில் உள்ள முதலாளிக்கு மட்டுமே வேலை செய்யலாம். பக்கத்தில் ஒரு தொழில் நடத்த அனுமதி இல்லை. எஸ் பாஸ், எம்ப்ளாய்மென்ட் பாஸ் வைத்திருப்பவர்களுக்கும் இதே நிலைதான். விளம்பரப் பணம் சும்மா வருவதுதானே என்று உங்களுக்கு நீங்களே முடிவு செய்துகொள்ள வேண்டாம். உங்கள் நிலைமையை எழுதி மனிதவள அமைச்சிடம் கேளுங்கள், பதில் எழுத்தில் வரும்வரை விளம்பரத்தைப் போடாதீர்கள். ஊரில் இருக்கும் உறவினர் பெயரில் கணக்குத் திறந்து இங்கிருந்து ஓட்டுவதற்கு யோசனை சொல்பவர்களையும் நம்ப வேண்டாம். அனுமதி போனால் வீட்டில் எத்தனை பேர் சாப்பாடு போகும் என்று உங்களுக்குத்தான் தெரியும். அதுவரை விளம்பரம் இல்லாமல் எழுதிப் பழகுங்கள், எழுதியவற்றை ஒரு நகல் எடுத்துக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள்.